இரண்டு பக்கமும் சிங்கம்

வைஸைக் கழற்ற அமிர்தநாயகத்துக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. பதினொரு வருடமாக வேலை மேசையில் அசையாமல் இருந்த சாமான். நான்கு நட்டும் கடற்காற்றில் துருவேறி இறுகிப் போயிருந்தன. மண்ணெண்ணெய் விட்டு, தட்டி, மறுபடி விட்டு, கடைசி நட்டு கிறீச்சிட்டுத் திரும்பியபோது உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. வைஸைத் தூக்கி, அதைப் பூட்ட ஒரு பலகை, கிளாம்ப், நீளக் குழாய் ஒன்று எல்லாவற்றோடும் சாக்கில் போட்டு வாயைக் கயிற்றால் கட்டினான்.

இரண்டு இரும்புத் தாடைகளுக்கு நடுவே எதையும் கவ்வி, கைபிடியைத் திருகத் திருக இறுக்கும் கருவி அது. அது இல்லாமல் பேசாலையில் ஒரு வள்ளத்து எஞ்சினையும் திருத்த முடியாது. அந்த வைஸைத்தான் மன்னார்ப் பட்டினத்துப் பாடசாலை மண்டபம் ஒன்றில் நான்கு நாளாக, எழுதிவைத்த ஓர் அட்டை மோசடிக் கருவி என்று சொல்லிக்கொண்டிருந்தது.

எல்லாம் அவனுடைய தமக்கை திரேசம்மாவின் வள்ளத்தில் தொடங்கியது. 1964இல் அவளுக்கும் பஸ்ரியனுக்கும் கலியாணமான வருடம் கட்டிய வள்ளம். வள்ளத்தின் அடிக்கட்டையும் முகப்பில் எழும் முன்னணியத்துக் கட்டையும் வந்து சேரும் பொருத்தில், அந்தப் பக்கத்தில் வள்ளம் கட்டும் ஓடாவிமார் ஒரு சின்னக் குழி விடுவார்கள். கட்டையை இறுக்குமுன் சொந்தக்காரனும் மனைவியும் ஆளுக்கொரு புதுக் காசு அதில் வைக்கவேண்டும். ஒருவர் கையிலும் புழங்காத காசாக இருக்கவேண்டும். இரண்டும் முகத்துக்கு முகம் பார்த்துக் கிடக்கவேண்டும். வைக்கும்போது காசை உற்றுப் பார்க்கக்கூடாது, பார்த்தால் கடலுக்கு விலை பேசுவதாகிவிடும் என்பார்கள். அதனால் வங்கியிலிருந்து கடதாசிச் சுருளில் வந்த ஒரு ரூபாய்க் காசு இரண்டை, சுருளிலிருந்து நேரே கைக்கும் கையிலிருந்து குருத்தோலைக்குமாக மாற்றி, சுற்றிக் குழியில் வைத்தார்கள். ஓடாவி குங்கிலியத்தை ஊற்றி மூடினான்.

பஸ்ரியன் மூன்று வருடத்துக்கு முன் காய்ச்சலில் போனான். வள்ளம் கரையில் கிடந்து உளுத்தது. போன ஆவணியில் அதை உடைத்தார்கள். பொருத்துப் பிளந்து காசு இரண்டும் வெளியே வந்தபோது கரையில் நின்ற பத்துப் பேரும் நெருக்கியடித்துக் குனிந்து பார்த்தார்கள். ஒரு காசு சாதாரணக் காசு: ஒரு பக்கம் வாள் ஏந்திய சிங்கம், மறுபக்கம் ஒரு ரூபாய் என்ற எழுத்து. மற்றக் காசில் எழுத்தே இல்லை. எழுத்து இருக்கவேண்டிய பக்கத்தில் இன்னொரு சிங்கம், இடம்வலம் மாறி, உள்ளே குழிந்து பதிந்திருந்தது. ஈர மணலில் முத்திரை குத்தினதுபோல.

பதினைந்து வருடம் கடல் அடித்த அடியில் ஒன்றின் முகம் மற்றதில் பதிந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். அந்தக் கரையில் அதைவிட வேறு விளக்கம் யாருக்கும் தோன்றவில்லை, அமிர்தநாயகத்துக்கும்தான். எந்தக் காசு எவருடையது என்று தெரிய வழியில்லை. ஆனாலும் பதிந்த காசு தன்னுடையது, பதித்த காசு பஸ்ரியனுடையது என்று திரேசம்மா முடிவுகட்டிவிட்டாள். இரண்டையும் அலுமாரிக்குள் செபமாலை வைக்கும் தகரப் பெட்டியில் வைத்தாள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவாள். காட்டும்போது அவள் முகத்தில் வரும் வெளிச்சத்தைத் தமையன்காரர்கள் இருவரும் கேலி செய்வார்கள். அமிர்தநாயகம் செய்வதில்லை.

ஞாயிறு பூசை முடிவில் மாதா கோயிலில் ஓர் அறிவித்தல் வாசித்தார்கள். பட்டினத்துப் பாடசாலையில் பழைய காசு, முத்திரைக் கண்காட்சி. வீட்டில் உள்ளதைக் கொண்டுவந்து கொடுத்தால் பெயர் போட்டு வைப்பார்கள். திரேசம்மா பதிந்த காசை மட்டும் கைலேஞ்சித் துணியில் முடிந்துகொண்டு பஸ் ஏறினாள்.

அங்கே பொறுப்பாக இருந்தவர் தில்லைநாதன், கந்தோரில் இலிகிதராக எழுத்துவேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நாற்பது வருடமாகக் காசு சேர்க்கிறவர். அவள் வள்ளத்துக் கதையைத் தொடங்க, அவர் காசைக் கைலேஞ்சியோடு வாங்கி, குழிந்த சிங்கத்தைப் பூதக்கண்ணாடியால் ஒருமுறை பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, வீட்டில் யாரிடமாவது வைஸ் இருக்கிறதா என்று கேட்டாராம். தன் தம்பியிடம் இருக்கிறது, பேசாலையில் எஞ்சின் திருத்துவதில் அவனை அடிக்க ஆளில்லை என்று அவள் பெருமையாகச் சொன்னாள். கடை எதுவும் இந்தக் காசை ஒரு ரூபாய்க்குக்கூட எடுக்காது என்று சொல்லிவிட்டு, காசை அவர் வாங்கி வைத்துக்கொண்டார். பெயர் போட்டு வைக்கப் போகிறார் என்று அவள் சந்தோசமாகத் திரும்பிவந்தாள்.

அவர் பெயர் போடவில்லை. 'ஏமாறாதீர்கள்' என்று தலைப்பிட்ட மேசையில், குழிந்த பக்கம் மேலே தெரிய, கண்ணாடிக்குக் கீழே வைத்து அட்டை எழுதினார்: 'வைஸில் நசுக்கிச் செய்த போலிப் பிழை. பேசாலை.' பார்க்க வந்தவர்களுக்கு வாயாலும் சொன்னார். பேசாலையில் வைஸ் வைத்திருந்த எஞ்சின்காரன் ஒருவன்தான்.

செய்தி பஸ்ஸைவிட வேகமாக ஊருக்கு வந்தது. அமிர்தநாயகம் சில்லறை மிச்சம் கொடுத்தால் காசை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து வாங்கினார்கள். சிரித்துக்கொண்டு, பகிடிதான். ஆனால் திருப்பிப் பார்த்தார்கள். ஒருவன் பத்து ரூபாய்த் தாளையும் வைஸில் வைத்து நூறாக்கித் தரச்சொல்லிக் கேட்டான். மீனவர் சங்கத்து வள்ளங்களின் எஞ்சின் வேலை முழுவதையும் அவனுக்கே கொடுப்பதாக இருந்த தலைவர் மரியாம்பிள்ளை, அந்தக் கதை ஓயட்டும், பிறகு பார்ப்போம் என்றார். நல்ல மனுசன். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அமிர்தநாயகம் அதிகம் பேசுகிறவன் அல்ல. கோபம் வந்தால் இன்னும் பேசமாட்டான். மூன்று நாள் அவன் மனைவிகூட அவன் குரலைக் கேட்கவில்லை. நாலாம் நாள் மத்தியானம் வேலைத்தலத்துக் கதவைச் சாத்திவிட்டு, இரண்டு ஒரு ரூபாய்க் காசை எடுத்து, ஒன்றின் சிங்கம் மற்றதின் எழுத்தில் படும்படி சேர்த்து வைஸில் கவ்வக் கொடுத்தான். செய்யாத வேலையைச் செய்தான் என்கிறார்களே, செய்தால் எப்படி இருக்கும் என்று அவனுக்கே தெரியவேண்டியிருந்தது. கைபிடியில் நீளக் குழாயைச் சொருகி முழு உடம்பையும் போட்டுத் திருகினான்.

காசுகள் வெளியே வந்தபோது அவன் கதிரையில் உட்கார்ந்துவிட்டான். எழுத்தின் மேலே சிங்கத்தின் முதுகும் வாளும் மங்கலாக விழுந்திருந்தன. எழுத்து அழியவில்லை, நசுங்கிக் கீழே கிடந்தது. பதித்த சிங்கத்துக்கு மூக்கு இல்லை. வெளிப்பக்கங்கள் இரண்டிலும் வைஸின் பல்லுத் தடம். தமக்கையின் காசில் இதில் ஒன்றும் இல்லை என்பது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எத்தனை தரம் கையில் வாங்கிப் பார்த்தவன். அதில் குழிந்த சிங்கத்தின் மீசை மயிர்கூடத் தெளிவு. அடியில் ஓர் எழுத்தின் நிழல்கூடக் கிடையாது. மறுபக்கத்துச் சிங்கம் புதுக்கருக்கு அழியாமல் நின்றது.

அப்படியென்றால் அவன் கள்ளன் இல்லை. யார் முன்னாலும் காட்டலாம். அந்த நிம்மதி ஒரு நிமிடம் கூட நிற்கவில்லை. இரும்பு வைஸால் முடியாததை இரண்டு மரக்கட்டை செய்திருக்குமா? கடல் வள்ளத்தைத்தான் அடிக்கும், குங்கிலியத்துக்குள் கிடந்த காசை அல்ல. அந்தக் காசு வார்த்து அடித்த இடத்திலிருந்தே அப்படி வந்திருக்கிறது. தன் பெயரைக் கழுவ அவன் எதைக் காட்டுகிறானோ, அதுவே தமக்கையின் தகரப் பெட்டியைக் காலியாக்கும். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் கதை பிழைக்கும், அவன் கள்ளனாக இருப்பான்.

வெயில் சாயும்வரை இருந்தான். கண்காட்சி நாளையோடு முடிகிறது. எழும்பி மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்தான்.

காலையில் சாக்கோடு பஸ் தரிப்பிடத்துக்கு வந்தபோது திரேசம்மா குடையோடு நின்றாள். அவன் மனைவி சொல்லியிருக்கிறாள்.

"நீ வரவேண்டாம் அக்கா" என்றான்.

"வைஸ் இருக்கோ எண்டு என்னட்டத்தானே கேட்டவர். வாய் திறந்தவள் நான்."

பஸ் வந்து நின்றது. சாக்கை மிதிபலகையில் ஏற்ற நடத்துநரும் ஒரு கை கொடுத்தான். கனத்தில் தடுமாறி, உள்ளே என்ன என்று கேட்டான்.

"வைஸ்."

"கடிக்குமோ அண்ணை?"

"தேவைப்பட்டாக் கடிக்கும்."

பஸ்ஸில் இரண்டு பேர் சிரித்தார்கள். திரேசம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது.

மண்டபத்தில் கடைசி நாள் என்பதால் நல்ல கூட்டம். தில்லைநாதன் வெள்ளை வேட்டியும் கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடியுமாக நாலைந்து ஆசிரியர்களுக்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். அமிர்தநாயகம் நேரே அந்த மேசைக்குப் போய் அட்டையை வாசித்தான். ஊரில் எல்லாரும் சொல்லிக் கேட்டிருந்தாலும், மையில், வடிவான கையெழுத்தில் பார்க்கிறபோது வேறு மாதிரி இருந்தது. இவ்வளவு அழகான எழுத்துள்ள மனுசன், எழுதுவதற்கு முன் ஒரு நாள் பஸ் ஏறி வந்து கேட்டிருக்கமாட்டாரா? பதினைந்து மைல்கூட இல்லை. ஒரு கடதாசி போட்டிருந்தால்கூட வந்திருப்பானே.

"ஐயா, இந்த அட்டை எழுதினது நீங்களோ?"

"ஓம். நீங்கள் ஆர்?"

"நீங்கள் எழுதின வைஸ்காரன்."

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தில்லைநாதன் திரேசம்மாவையும் கண்டுகொண்டார். அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது கண்ணாடியைத் துடைத்த விதத்தில் தெரிந்தது. நாற்பது வருடமாகக் காசு பார்க்கிறவர் தாம், கொழும்பு நடைபாதையிலிருந்து இந்தமாதிரி நாற்பது காசு தம்மிடம் வந்திருக்கிறது, அத்தனையும் யாரோ நசுக்கினது என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். தீர்த்துவைத்த விசயத்தைச் சொல்கிற குரல்.

"நாப்பதும் பொய்யெண்டா நாப்பத்தோராவதைப் பாக்கத் தேவையில்லையோ?" என்றான் அமிர்தநாயகம். "இதின்ர மற்றப் பக்கத்தைப் பாத்தீங்களோ?"

தில்லைநாதன் கண்ணாடிப் பெட்டிப் பக்கம் திரும்பினார். கண்ணாடிக்குள்ளே காசு ஐந்து நாளாக ஒரே பக்கமாகத்தான் கிடந்தது.

அமிர்தநாயகம் சாக்கை அவிழ்த்தான். வைஸைப் பலகையில் பூட்டி, பலகையைக் கிளாம்ப்பால் ஒரு கனத்த மரமேசையோடு இறுக்கினான். உரிந்த உள்ளங்கையில் மறுபடி இரத்தம் கசிந்தது. அவருடைய பெட்டியிலிருந்தே அதே காலத்து ஒரு ரூபாய்க் காசு இரண்டு கேட்டான். காசைச் சேதமாக்குவது குற்றம் என்று தில்லைநாதன் சொன்னார்.

"அந்தக் குற்றத்தை என்ர பேரில எழுதி வைச்சு அஞ்சு நாள். இண்டைக்கு நீங்களும் ஒருக்காச் செய்யுங்கோ. உங்கட காசு, உங்கட கை. நான் தொடமாட்டன்."

ஆசிரியர்களில் ஒருவர் இருமினார். தில்லைநாதன் சுற்றிப் பார்த்தார், விலக வழியில்லை. இரண்டு காசு எடுத்துச் சேர்த்து வைத்துத் திருகினார். மெலிந்த கை. அமிர்தநாயகம் குழாயைச் சொருகிக் கொடுத்துவிட்டுப் பின்னால் கை கட்டி நின்றான். மேசை முனகியது. கிழவருடைய கழுத்து நரம்பு புடைத்தது. இன்னும் ஒரு சுற்று என்று அமிர்தநாயகம் சொன்னான். சொன்னபோது அவர்மேல் இரக்கம் வரவேண்டும் என்று நினைத்தான். வரவில்லை.

வெளியே எடுத்த காசுகளைத் தில்லைநாதனே பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தார். பல்லுத் தடம். மூக்கில்லாத சிங்கம். நசுங்கிய எழுத்து. பிறகு கண்ணாடிப் பெட்டியைத் திறந்து திரேசம்மாவின் காசை எடுத்து, ஐந்து நாள் பிந்தித் திருப்பினார்.

அவர் சுலபத்தில் விடவில்லை. எழுத்தை முதலில் அராவி எடுத்துவிட்டு, தாடைக்குத் தோல் வைத்து நசுக்கியிருக்கலாமே என்றார். அராவினால் காசின் எடை குறையும், நிறுத்துப் பாருங்கள் என்றான் அமிர்தநாயகம். பொன் நிறுக்கிற சின்னத் தராசு ஒன்று அவரிடம் இருந்தது. ஒரு தட்டில் பெட்டியிலிருந்த நல்ல காசு ஒன்று, மற்றத் தட்டில் அந்தக் காசு. முள் கொஞ்சம் ஆடி நடுவில் நின்றது. அவர் விளிம்பைப் பார்த்தார், சுற்றளவை நல்ல காசோடு ஒட்டவைத்துப் பார்த்தார். நசுங்கினது அகலும், இது மயிரளவும் அகலவில்லை.

"புத்தகத்தில படிச்சிருக்கிறன்" என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "அடிச்ச காசு ஒண்டு கீழ விழாமல் அச்சிலயே ஒட்டிக்கொண்டு நிண்டா, அடுத்து வாற வெறுந்தகட்டில அதின்ர முகம் பள்ளமாப் பதியும். மற்றப் பக்கம் ஒழுங்கா இருக்கும். கையில பிடிச்சதில்லை. இப்பதான் பிடிக்கிறன்."

திரேசம்மா ஓரடி முன்னால் வந்தாள்.

"அப்ப வள்ளத்தில வைக்க முந்தியே இது இப்பிடித்தானோ?"

தில்லைநாதன் அமிர்தநாயகத்தைப் பார்த்தார். அவளுக்கு என்ன போகிறது என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை. அமிர்தநாயகம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"ஓம் அக்கா."

அவள் தலையை ஆட்டினாள். குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

தில்லைநாதன் அவளை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தி, இதற்கு முந்நூறு ரூபாய் தரத் தாம் ஆயத்தம், இப்போதே தரலாம் என்றார். அட்டையை என்ன செய்யப் போகிறார் என்று அவள் கேட்டாள். இன்றோடு முடிகிறதுதானே, அடுத்த முறை வைக்கும்போது சரியாக எழுதலாம் என்றார்.

அமிர்தநாயகம் காது கேட்கும் தூரத்தில்தான் நின்றான். தவறு தெரிந்த பிறகும் அந்த மனுசனுடைய கை காசை விடவில்லை. அட்டையைத் தொடவும் இல்லை. அவன் வாய் திறக்குமுன் திரேசம்மா பேசினாள். மெதுவாகத்தான் பேசினாள். ஆனால் ஒதுக்குப்புறமாகப் பேசவில்லை.

"அண்டைக்கு ஒரு ரூபாய்க்கும் ஒருத்தரும் எடுக்காயினம் எண்டியள். இண்டைக்கு முந்நூறு எண்டிறியள். காசு மாறேல்லை ஐயா. என்ர தம்பியைக் கள்ளனெண்டு எல்லாருக்கும் முன்னால எழுதினனீங்கள். எல்லாருக்கும் முன்னால மாத்தி எழுதுங்கோ. எழுதி வாசியுங்கோ."

தில்லைநாதன் புது அட்டை ஒன்று எடுத்தார். 'உண்மையான அச்சுப் பிழை. மிக அரியது. உரிமை: திருமதி திரேசம்மா பஸ்ரியன், பேசாலை' என்று எழுதி நிறுத்தினார். முன்பு எழுதினது பிழை என்றும் எழுதவேண்டும் என்றான் அமிர்தநாயகம். எழுதினார். அந்த வரி மட்டும் மற்ற எழுத்தில் பாதியாக இருந்தது. வாசிக்கும்போதும் அந்த இடத்தில் குரல் பாதியாகியது. அமிர்தநாயகம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். ஊர் முழுக்கக் கேட்ட பழிக்கு, நாற்பது பேர் கேட்ட அரை வரி. பேசாலையில் இதை யார் போய் வாசிக்கப் போகிறார்கள்? நாளைக்கும் எவனாவது காசைத் திருப்பிப் பார்ப்பான்.

நசுக்கின இரண்டு காசையும் அந்த அட்டைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னான். வைத்தார். பிறகு பள்ளிக்கூடம் மூடும்வரை ஆட்கள் குனிந்து மூன்றையும் மாறி மாறிப் பார்த்ததை அவர்கள் இருவரும் சுவரோர வாங்கில் உட்கார்ந்து பார்த்தார்கள். மாலையில் காசை எடுத்துக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு பஸ் ஏறினார்கள்.

வழியில் தாராபுரம் தாண்டும்வரை திரேசம்மா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வைஸ் அவர்கள் கால்களுக்கு நடுவே கிடந்தது. மன்னிப்புக் கேட்கவேண்டும்போல் அமிர்தநாயகத்துக்கு இருந்தது. என்ன சொல்லிக் கேட்பது என்று தெரியவில்லை.

"நேற்றே உனக்குத் தெரியுமோ?" என்றாள் திரும்பாமல்.

"ஓம். நேற்று மத்தியானம்."

"அதுதான் வரவேண்டாமெண்டனி."

பனைகள் பின்னால் போயின. அவள் மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

"பதினைஞ்சு வருசம் முகத்துக்கு முகம் கிடந்தும் ஒண்டை ஒண்டு ஒரு கீறல் கீறேல்லை. நானும் உன்ர அத்தானும் அப்பிடியோ இருந்தனாங்கள்? ஒரு நாள் சண்டை பிடிக்காமல் விட்டிருப்பமே?"

அவனும் சிரிக்கப் பார்த்தான். அவள் கண் யன்னல் பக்கமாகவே இருந்தது. பிறகு கைப்பையைத் திறந்து எதையோ எடுத்து மடியில் வைத்தாள். பழைய அட்டை. வடிவான கையெழுத்து. மை சற்றும் மங்கவில்லை.

"இதை ஏன் எடுத்தனீ?"

"புதுசை எழுதிப்போட்டு இதைக் கிழிக்கப் பாத்தார். நான் வாங்கியிட்டன்." அதை இரண்டாக மடித்தாள். "நாளைக்கு மரியாம்பிள்ளை வீட்டை போறன். இதையும் காட்டுவன், காசையும் காட்டுவன். திருப்பிப் பாக்கச் சொல்லுவன். அதுக்குப் பிறகு உன்ர கண்ணைப் பாத்துக் கதைக்கட்டும்."

காசு முடிந்த கைலேஞ்சியை அட்டையோடு சேர்த்துக் கைப்பைக்குள் வைத்து, பையின் வாயை மூடினாள். பேசாலைக் கோயிலின் கோபுரம் தெரிந்தது. அமிர்தநாயகம் குனிந்து சாக்கின் கயிற்றைப் பிடித்தான்.